நாயாட்டம்: ஆடுதல், ஆட்டுதல், வேட்டையாடுதல்

1

நம்முடைய நாட்டார் ஆட்டங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். புலியாட்டம், கரடியாட்டம், மயிலாட்டம், காளையாட்டம், பொய்க்கால் குதிரை. குலசேகரன்பட்டினம் தசராவில் காளியும் குறவனும் போலீஸ்காரனும் நடந்துவரும் அதே தெருவில் கரடியும் குரங்கும் வேசங்கட்டி வருகின்றன. இந்த வரிசையில் நாய் இல்லை. நான் பார்த்த வரை எந்தக் கொடையிலும் எந்தத் திருவிழாவிலும் நாய்வேசம் கட்டி ஒருவர் ஆடியதில்லை. மனிதனோடு மிக நீண்ட காலம் ஒரே கூரையின் கீழும் ஒரே திண்ணையின் ஓரத்திலும் கிடந்த மிருகம், அவனுடைய ஆட்டத்தில் மட்டும் ஏன் இடம் பெறவில்லை?

'நாயாட்டம்' என்ற சொல் இல்லாமலில்லை. கொங்குப் பக்கமும் வடக்கேயும் 'நாயாட்டம் அலையறான்' என்பார்கள். அங்கே ஆட்டம் என்பது உவம உருபு. நம்ம பக்கம் 'நாய் கணக்கா அலையுதான்' என்போம். ஆக, நாயாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்க்காதுக்கு நடனம் தோன்றுவதில்லை, வசவுதான் தோன்றுகிறது. புலியாட்டம் என்றால் ஒருவன் விரும்பிப் புலியாவது. நாயாட்டம் என்றால் ஒருவனை மற்றவன் நாயாக்குவது.

இதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இது. வேசத்துக்குத் தூரம் வேண்டும். புலியும் மயிலும் ஊருக்கு வெளியே இருப்பவை. அவற்றின் உடலைக் கடன் வாங்கும்போது ஆடுகிறவனுக்கு ஒரு வலு கூடுகிறது. நாய் ஊருக்குள் இருப்பது. அதைவிட முக்கியம், நாய் என்ற பெயரைத் தினசரி வாங்கிக் கொண்டிருப்பவர்களே பெரும்பாலும் இந்த ஆட்டங்களை ஆடியவர்கள். ஏற்கெனவே சூட்டப்பட்ட பெயரை எவரும் வேசமாகத் தேடிப்போய்க் கட்டிக்கொள்வதில்லை. நாயேன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு உருகுவது மாணிக்கவாசகருக்கு முடிந்தது. பாண்டியனுக்கு அமைச்சராக இருந்ததாகச் சொல்லப்படும் ஒருவர் தாமே இறங்கிவந்து எடுத்துக்கொண்ட தாழ்மை அது. எடுத்துக்கொள்ளும் தாழ்மையும் சுமத்தப்படும் தாழ்மையும் ஒன்றல்ல.

இந்தக் கட்டுரை நாயோடு ஆடுவதைப் பற்றியது. மேலைநாடுகளில் கடந்த முப்பத்தைந்து வருடங்களாக நாயும் வளர்ப்பவரும் சேர்ந்து இசைக்கு ஆடும் ஒரு விளையாட்டு வளர்ந்து வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் அதன் வடக்கே கரிசலிலும் நாய்க்கும் மனிதனுக்கும் இருந்த ஆட்ட உறவை வாசித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

2

முதலில் இலக்கணம். ஆடு என்பது தன்வினை. ஆட்டு என்பது பிறவினை. குரங்கு ஆடுகிறது என்று நாம் சொன்னாலும், அதை நடத்துகிறவனுக்குக் குரங்காட்டி என்றுதான் பெயர். பாம்பாட்டியும் அப்படியே. பூம்பூம் மாடு தலையை ஆட்டுகிறது. ஆனால் தலையாட்டச் சொல்வது கயிறு. இந்தப் பெயர்களில் அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறதென்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. நாய்க்கு இப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை. நாயாட்டி என்று ஒரு தொழில்காரனைத் தமிழ் அறியாது.

மாறாக, நாயே எழுவாயாக நின்று பிறவினையை எடுத்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: வாலாட்டுதல். 'சோத்தக் கண்டா வாலாட்டுதான்' என்றால் அடிமைத்தனம். 'எங்கிட்ட வாலாட்டாதல' என்றால் திமிர். ஒரே சொல் பணிவுக்கும் மீறலுக்கும் வருவது வேடிக்கை மட்டுமல்ல. நாயின் உடலசைவு நமக்குப் பணிகிறதா நம்மை மீறுகிறதா என்பதைத் தமிழ் மனம் தீர்மானிக்கவே இல்லை என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு கூட்டுவினை வேட்டையாடுதல். நீராடு, உரையாடு, உறவாடு, வழக்காடு, மன்றாடு, போராடு, சாமியாடு என்று ஆடு என்பதைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும் சொற்கள் பலவற்றிலும் இன்னொரு தரப்பு ஒளிந்திருக்கிறது. தனியாக உறவாட முடியாது. எதிரியில்லாமல் வழக்காட முடியாது. சாமி இறங்காமல் சாமியாட முடியாது. வேட்டையாட்டத்தில் அந்த இன்னொரு தரப்பு இரட்டையானது: எதிரே ஓடும் முயல், கூட ஓடும் நாய். தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்களைச் சொல்லும்போது நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிகளையும் குருளை என்ற ஒரே பெயரில் அடக்குகிறது. எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடச் சூத்திரமாக மட்டுமே கடந்தோம். துரத்துவதும் துரத்தப்படுவதும், வீட்டு மிருகமும் காட்டு மிருகமும் ஒரு சூத்திரத்துக்குள் கிடப்பதை இப்போது வாசிக்கையில், வேட்டைக்களத்தின் பார்வை அங்கே வேலை செய்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தமிழில் நாயாட்டம் இல்லாதது போலத் தோன்றுவதற்குக் காரணம் அது வேட்டையாட்டத்துக்குள் இருந்ததுதான் என்பது என் முதல் வாதம்.

3

மேலைநாட்டு விளையாட்டுக்கு வருவோம். 1989-க்கும் 1992-க்கும் இடையில் கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து ஆகிய இடங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இது தலைகாட்டியது. கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நாய்களைப் பழக்கியவர்கள், பயிற்சியின் சலிப்பைப் போக்கப் பின்னணியில் இசையை ஓடவிட்டார்கள். 1991-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கான முதல் அமைப்பு தோன்றியது. இங்கிலாந்தில் மேரி ரே என்ற பயிற்சியாளர் 1990களில் கிரஃப்ட்ஸ் நாய்க்கண்காட்சியில் ஆடிக்காட்டியது இதைப் பரவலாக்கியது. 2005 முதல் கிரஃப்ட்ஸில் இது போட்டியாகவே இடம்பெற்றது. 2012-இல் ஆஷ்லி பட்லர் என்ற இளம்பெண்ணும் பட்ஸி என்ற நாயும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில் ஆடி 5 லட்சம் பவுண்டு பரிசை வென்றார்கள்.

இதில் இரண்டு வகை. ஒன்றில் நாய் ஆட்டம் முழுக்க ஆளின் காலையொட்டியே நகர வேண்டும். பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் விதிப்படி ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்காவது இப்படிக் காலோரம் நடக்க வேண்டும். இன்னொன்று தளர்வானது; கால்களுக்கிடையே நுழைவது, சுழல்வது, பின்னோக்கி நடப்பது, தூரத்தில் நின்று ஆடுவது எல்லாம் உண்டு. உள்ளடக்கம், துல்லியமும் கூட்டியக்கமும், இசையை வெளிப்படுத்துதல் என்ற மூன்றுக்கும் தலைக்குப் பத்து மதிப்பெண்.

நாய் வழக்கமாக ஆளின் இடது காலோரம் நடக்கிறது. வலப்பக்கம் துப்பாக்கி தாங்கிய வேட்டைக்காரனின் பழக்கம் இது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, கொலையை முழுக்கக் கழுவிவிட்ட இந்த நடனத்தின் காலடியிலும் வேட்டையின் தடம் கிடக்கிறது. நோர்பர்ட் எலியாஸ் இங்கிலாந்தின் நரிவேட்டையைப் பற்றி எழுதியது இங்கே பயன்படும். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கனவான்கள் கொல்லும் வேலையை நாய்களிடம் ஒப்படைத்துவிட்டு, துரத்தலின் பரபரப்பை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். வன்முறையை விதிகளுக்குள் அடக்கி இன்பமாக மாற்றும் இந்த வழியே நவீன விளையாட்டின் பிறப்பு என்பது எலியாஸின் வாதம். அதன் அடுத்த படிகள் நமக்குத் தெரியும். 1859-இல் நியூகாசிலில் நாய்க்கண்காட்சி, 1873-இல் கென்னல் கிளப், 1891-இல் கிரஃப்ட்ஸ். ஹாரியட் ரிட்வோ காட்டியிருப்பது போல, விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்கம் தன் வர்க்க ஆசைகளை நாயின் வம்சாவளிப் பத்திரத்தில் எழுதிக்கொண்டது. முதலில் நாயிடமிருந்து வேட்டை போனது, பிறகு வேலை போனது. மிஞ்சிய உடலின் அழகுக்கு மதிப்பெண் வந்தது, கீழ்ப்படிதலுக்குப் பதக்கம் வந்தது. கடைசியாக வந்தது நடனம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இந்த நடனத்தில் நாய் இசைக்கு ஆடுவதில்லை. தாளத்தைக் கேட்டுத் தானாக அடியெடுக்கும் திறன் சில கிளியினங்களிடம் உண்டென்று 2009 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டின. நாயிடம் அப்படியொன்று தென்படவில்லை. ஆகவே பயிற்சியாளர் செய்வது தலைகீழான வேலை. நாயின் இயல்பான நடைவேகத்தை அளந்துகொண்டு, அதற்கு ஒத்துவரும் பாட்டைத் தேடுகிறார். நாய் பார்ப்பது ஆளின் தோளையும் கையையும் காலையும். செவிட்டு நாய்கூட இந்த ஆட்டத்தை ஆடிவிடலாம். பார்க்கிறவர்களுக்கு நாய் பாட்டுக்கு ஆடுகிறது. உள்ளே பாட்டும் மனிதனும் நாயின் நடைக்கு ஆடுகிறார்கள். டோனா ஹாரவே 2003-இல் தோழமை உயிர்களைப் பற்றி எழுதிய சிறுநூலில், பயிற்சி என்பது இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உருவாக்கும் வேலை என்று வாதிட்டதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஆட்டுதல் கொஞ்ச நேரமாவது ஆடுதலாக மாறுகிறது. இதுவே இந்த விளையாட்டில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம்.

4

இப்போது நம்ம ஊர். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இன்று விருதுநகர் மாவட்டம். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாக்கப்படும் வரை அந்தப் பகுதிகள் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. நாய்ப்புத்தகங்களில் ஊர்ப்பெயர் தாங்கி நிற்கும் இரண்டு இனங்கள் பழைய நெல்லைச் சீமையின் நாய்கள். கருப்பும் பழுப்புமாக இருப்பதைக் கன்னி என்றும், பிற நிறங்களைச் சிப்பிப்பாறை என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. இரண்டும் ஒல்லியான, நீண்ட காலுடைய, கண்ணால் கண்டு துரத்தும் ஓட்டநாய்கள். மோப்பம் பிடித்துப் போகும் நாய்க்கு இரை கண்ணில் படாவிட்டாலும் வேலை உண்டு. கண்நாய்க்கு வெட்டவெளி வேண்டும். கரிசல் அந்த வெட்டவெளி.

ஆற்றுப்படுகையின் கதை வேறு. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டும் கால்வாயும் நெல்லுமாக இருந்த நஞ்சைப்பரப்பில், கோயிலும் பிரம்மதேயமும் ஆண்ட இடங்களில், நாய் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதே சமயம் சிவன் கோயிலுக்குள் பைரவரின் வாகனமாக அது கல்லில் நிற்கிறது. இரவு நடைசாத்திச் சாவியை அவர் முன்னால் வைக்கும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. தெருவில் தீட்டு, உள்ளே காவல். சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போகிறார். எதிரே ஆள் படக்கூடாது. கோயிலை விட்டு வெளியே வந்து, ஊர் உறங்கும் நேரத்தில், சாமியும் ஆடுவது வேட்டையாட்டம்தான்.

பாளையக்காரர் காலத்துக் கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். வேட்டைக்குப் போன இடத்தில் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டியதாம். அந்த மண்ணுக்கு வீரம் உண்டென்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கட்டினார்களாம். இப்படி ஒரு கதை வேறு பல தலைநகரங்களுக்கும் சொல்லப்படுவது. இதை வீரகாவியமாக வாசித்தே பழகிவிட்டோம். நாயின் பக்கமிருந்து வாசித்தால், அரசு தோன்றும் கணம் நாய் தோற்கும் கணமாக இருக்கிறது. வேட்டைக்கூட்டம் கோட்டையாக மாறும்போது, அதுவரை கூட ஓடிய நாய் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறது.

கோட்டைகளும் நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஊமைத்துரையின் எழுச்சியும் அடக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த பிரகடனம் தென்சீமையின் பாளையங்களில் ஆயுதங்களைப் பறித்தது. வேலும் வல்லயமும் துப்பாக்கியும் பிடுங்கப்பட்ட சீமையில், சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதமாகத் தெரியாத ஓர் ஆயுதம் மிஞ்சியது. நான்கு காலில் ஓடுவதும், கஞ்சி குடிப்பதும், திண்ணையோரம் தூங்குவதுமான ஆயுதம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கரிசலில் ஓட்டநாய் பெற்ற மதிப்பை நிராயுதபாணியாக்கப்பட்ட சமூகங்களின் வரலாறாகவும் வாசிக்க இடமுண்டு. இது என் ஊகம். ஆவணங்களோடு யாராவது விரிவாகப் பார்க்க வேண்டும்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், இளவயதில் முயல்வேட்டைக்குப் போன பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இப்போது நாய் வளர்ப்பதில்லை. நாயைப் பழக்குவது எப்படி என்று கேட்டேன்.

"பழக்குதா? தம்பி, நாய்க்கு நாம சொல்லிக் குடுக்கோம்னு நெனைக்கப்படாது. நாமதான் அதப் படிக்கணும். காது நிமிந்து கழுத்து விறைச்சுதுன்னா முயல் கெடக்குன்னு அர்த்தம். கயித்த உருவி விட்டுட்டு நாம நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும். ஒரு எட்டு கூட வச்சா ஆட்டம் கெட்டுப்போவும்."

"ஒரு நாய் போதாதாய்யா?"

"ஒத்த நாய் என்ன செய்யும்? முயலு நேரா ஓடாது, வெட்டித் திரும்பும். முன்னால ஓடுத நாய் வந்த வேகத்துக்கு நேரே போயிரும். ரெண்டாவது நாய் அந்தத் திருப்பத்த மறிக்கணும். யாரு முன்ன, யாரு பின்னன்னு அதுகளே பேசி வச்சுக்கிடும். நாம இந்தப் பக்கம் ஒரு சத்தம் குடுத்தா முயலு அந்தப் பக்கம் ஒடியும். எல்லாம் ஒரு கணக்கு."

பிடிபட்ட முயலைப் பங்கு போடும்போது நாய்க்கும் ஒரு பங்கு வைத்தார்களாம். அது கூலி இல்லை, பங்கு என்பதில் பெரியவர் உறுதியாக இருந்தார். மதிப்பெண் போட்டு நடத்தும் மேலைநாட்டு ஆட்டத்தில் தேடப்படும் எல்லாம் இதில் இருந்தன: இடம் பிடித்தல், குறிப்பறிதல், வேகத்துக்கேற்ற அடி, இரண்டு மூன்று உடல்கள் ஒரு கணக்கில் இயங்குதல். இல்லாதவை இரண்டுதான்: பார்வையாளர், இசை. இருந்த ஒன்று அங்கே இல்லை: முயலின் சாவு. இந்த மூன்றாவதை மறந்துவிட்டு வேட்டையைப் பொற்காலமாகப் பாடுவது நேர்மையாகாது.

5

வேட்டை சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நாயை விட்டு முயல் பிடிப்பது குற்றம். முயலின் பக்கமிருந்து இதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் சட்டம் வந்த பின் நாய்க்கும் ஆளுக்கும் என்ன நேர்ந்தது என்பது தனிக் கேள்வி.

நாய் பாரம்பரியமானது. 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு இனங்களைக் காக்க அரசே ஓர் இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. 2005-இல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய்த்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, வளர்க்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். தபால்தலைக்கும் கண்காட்சிக்கும் உரிய ராஜபாளையம் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. அந்த வெண்மைக்காகவே குட்டிகளைத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியதில், காது கேளாமை அந்த இனத்தைத் தொடரும் குறையாயிற்று. வேட்டைக்காரனுக்குத் தேவைப்பட்டது காதும் காலும். கண்காட்சிக்குத் தேவைப்பட்டது நிறம். தூய்மை பற்றிய சொல்லாடல் எங்கே நுழைந்தாலும் உடலில் எதையாவது ஊனமாக்கிவிட்டுத்தான் அடங்குகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நாயோடு ஓடியவனுக்குக் கிடைத்தது குற்றவாளிப் பட்டம். அவனுடைய தேர்வும் பராமரிப்பும் உருவாக்கிய உடல் தேசத்தின் சொத்து. அவனுடைய அறிவு வழக்கு எண். இந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும்.

ஆட்டுதல் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, எந்தெந்த மிருகங்களைப் பழக்கி வேடிக்கை காட்டக்கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 1991 மார்ச் 2-இல் வந்த அறிவிக்கையில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை ஆகியவற்றோடு நாயும் இருந்தது. அதே ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் நாய் மட்டும் நீக்கப்பட்டது. 1998 அக்டோபரில் சிங்கத்தைச் சேர்த்துப் புது அறிவிக்கை வந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குரங்காட்டியும் கரடி வித்தைக்காரனும் தெருவிலிருந்து மறைந்தார்கள். 2011-இல் அதே பட்டியலில் காளை சேர்க்கப்பட்டு, 2014-இல் ஜல்லிக்கட்டு தடையாகி, 2017-இல் மெரினா போராட்டத்துக்குப் பின் மாநிலத் திருத்தத்தால் மீண்டு, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்ற வரலாறு நமக்குப் புதிதல்ல. இந்தப் பட்டியலில் நாய் ஐந்து மாத காலம் இருந்துவிட்டு வெளியே வந்தது யாருடைய நினைவிலும் இல்லை. நாயின் ஆட்டம் ஆட்டுதலா ஆடுதலா என்று அரசுக்கே ஒரு தடுமாற்றம் இருந்திருக்கிறது, 'வாலாட்டுதல்' என்ற சொல்லில் இருக்கும் அதே தடுமாற்றம்.

6

ஆனால் நாயோடு ஆடுவது யாருடைய உரிமை? மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கும் சுவபசருக்கும் ஊருக்கு வெளியே குடியிருப்பை விதித்து, நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்கிறது. சுவபசர் என்ற பெயரே நாயைச் சமைப்பவர் என்று பொருள்படுவது. இழிவுபடுத்தச் சொன்னதுதான், ஆனாலும் நாய் அவர்களுக்கென்று விடப்பட்டது. நம்முடைய கிராமங்கள் மனுவையும் தாண்டிப் போயின. தென்மாவட்ட ஊர்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண்நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமைக்கு எதிரான அமைப்புகளின் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரியின் ஆண்நாய் ஊர்த்தெருவின் பெட்டைநாயோடு சேர்ந்துவிடும் என்பதே காரணம். மனிதரின் அகமண விதி நாயின் உடல்வரை நீண்டிருக்கிறது. கென்னல் கிளப்பின் வம்சாவளிப் பத்திரமும் இந்தத் தடையும் வேறுவேறு இடங்களில் பிறந்தவை. இரண்டுக்கும் கவலை ஒன்றுதான்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தபோது, அதைக் காதல்கதையாகவும் கல்லூரிக்கதையாகவும் ஆணவக்கொலைக் கதையாகவும் விவாதித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து பார்க்கும் எனக்கு அது நாயும் ஆட்டமும் சந்திக்கும் பிரதி. படம் வேட்டைநாய்களோடு தொடங்குகிறது. வெயிலில் ஓடிக் களைத்த நாய்களைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். ஆதிக்கசாதிக்காரர்கள் அந்தத் தண்ணீரில் மூத்திரம் பெய்கிறார்கள். கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகிறது. வேட்டையாடும் உரிமை, அதாவது நாயோடு வெட்டவெளியில் சமமாக ஓடும் உரிமை, அங்கே தண்டிக்கப்படுகிறது. கருப்பிக்கு மனிதருக்குரிய சாவுச்சடங்கும் ஒப்பாரியும் நடக்கின்றன.

பரியனின் அப்பா பெண்வேசம் கட்டி ஆடுகிற கலைஞர். நெல்லைத் தங்கராசு என்ற உண்மையான நாட்டார் கலைஞரே அந்தப் பாத்திரத்தில் நடித்தார், 2023-இல் காலமானார். கல்லூரிக்கு வந்த அப்பாவின் வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடும் காட்சியில், ஆடுகிற உடலை ஓடுகிற உடலாக்குகிறார்கள். துரத்தப்படும் முயலின் நிலைக்குத் தள்ளுகிறார்கள். ஒரே சாதிய வன்முறை மகனின் நாயையும் அப்பாவின் ஆட்டத்தையும் இலக்காக்குகிறது. இரண்டும் தனக்குச் சொந்தமில்லாத அழகு என்பது ஆதிக்கத்துக்குத் தெரிகிறது. கடைசியில் பரியனைத் தண்டவாளத்தில் கிடத்தும்போது நீலநிறத்தில் திரும்பிவந்து எழுப்புவது கருப்பிதான். வேட்டைக்குக் கூட ஓடிய நாய், செத்த பிறகும் தன் வேலையை விடவில்லை. வைரவருக்குக் கோயிலில் கொடுத்த காவலை இந்தப் படம் சேரியின் நாய்க்குக் கொடுக்கிறது.

7

நாயோடு இசைக்கு ஆடும் விளையாட்டு நாளைக்குப் பாளையங்கோட்டையின் புதுக் குடியிருப்புகளுக்கு வந்து சேரலாம். வந்தால் நான் முகம் சுளிக்கப் போவதில்லை. அடிக்காமல், தீனியும் பொறுமையும் கொண்டு, நாயின் நடையை முதலில் படித்துவிட்டு அதற்குப் பாட்டுத் தேடும் ஒரு பழக்கம், சங்கிலியிலேயே ஆயுளைக் கழிக்கும் நம் காவல் நாய்களுக்கு எவ்வளவோ மேல். முயலும் பிழைக்கும். வேட்டையின் கொலையை விட்டுவிட்டு அதன் கூட்டியக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வழி உண்டென்பதை இந்த விளையாட்டு காட்டியிருக்கிறது. ஓட்டநாய்க்கு ஓட இடமில்லாத காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

என் தகராறு வேறிடத்தில். அப்போது அந்த ஆட்டம் வெளிநாட்டிலிருந்து வந்த புதுக்கலையாக அறிமுகமாகும். ஆடும் நாய் 'நம் பாரம்பரிய இனம்' என்று பெருமையோடு அழைக்கப்படும். நாயின் காது நிமிர்வதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். நா. வானமாமலையின் 'ஆராய்ச்சி' காலத்திலிருந்து இந்த ஊரில் கதைப்பாடலையும் வில்லுப்பாட்டையும் கொடைச்சடங்கையும் தொகுத்துவரும் மரபு வலுவாக இருக்கிறது. பாட்டுக்குக் கிடைத்த கவனம் வேட்டைக்குரலுக்குக் கிடைக்கவில்லை. நாயை அழைக்கும் சத்தங்கள், நாய்களுக்கு இட்ட பெயர்கள், எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு சேர்த்தார்கள் என்ற கணக்கு, யாருடைய நாய் யாருடைய தெருவுக்குள் வரக்கூடாது என்ற தடை, பங்கு பிரிக்கும் முறை ஆகிய எல்லாம் இன்னும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சிலரின் நினைவில் கிடக்கின்றன. வேட்டை குற்றமாகிவிட்டதால் அவர்கள் வாய்திறக்கத் தயங்குகிறார்கள். நான் பேசிய பெரியவரும் ஊர்ப்பேர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பேர் எழுதாமலேயே அதைத் தொகுக்க முடியும். திண்ணையில் உட்கார்ந்து கேட்கப் பத்துப் பேர் வேண்டும், கருவி ஒன்றும் வேண்டாம். காலம்தான் குறைவாக இருக்கிறது. அது நடந்துவிட்டால், நாயோடு ஆட வரும் அடுத்த தலைமுறைக்கு இடது காலோரம் நடக்கும் நாய் மட்டுமில்லாமல், முயல் வெட்டித் திரும்பும் இடத்தைத் தானே கணித்து மறிக்கும் இரண்டாவது நாயும் பாடமாகக் கிடைக்கும்.